ஸ்டீல் ஹார்ட்டெயிலில் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

செட்டிநாட்டில் மவுண்டன் பைக்குக்குக் கிடைக்கும் தடம் கண்மாய்க் கரை, செம்மண் வண்டிப்பாதை, தைலமரத் தோப்புக்குள் புகும் ஒற்றையடிப் பாதை. திருமயம், குன்றக்குடிப் பக்கம் போனால் பாறையும் உண்டு. பின்பக்க சஸ்பென்ஷன் கேட்கும் அளவுக்கு நீண்ட இறக்கம் இங்கே இல்லை. பராமரித்தால், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஒரு நல்ல ஸ்டீல் ஹார்ட்டெயில் இந்தத் தடத்தில் பல வருஷம் உழைக்கும். அதைக் கெடுப்பவை மூன்று: கோடையில் பறக்கும் செம்மண் தூசி, ஐப்பசி கார்த்திகையில் குழாய்க்குள் இறங்கும் மழைத் தண்ணீர், அளவு தெரியாமல் முறுக்கிய போல்ட்.

பிரேமில் கோளாறு என்று பட்டறைக்கு வரும் சைக்கிளில் பெரும்பாலும் பிரேம் நன்றாகத்தான் இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஏதோ ஓர் இணைப்பு உலர்ந்தோ தளர்ந்தோ கிடக்கும். எனவே கீழே எல்லா அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது, பிரேம் கடைசியில் வருகிறது. பிரேம்தான் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் ஒத்திப்போடக் கூடாது.

கையில் இருக்க வேண்டியவை: 4, 5, 6, 8 மி.மீ. அலன் கீ, டி25 டார்க்ஸ், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரிஞ்ச், வெர்னியர், செயின் தேய்மானம் பார்க்கும் அளவி, மூன்று மீட்டர் நூல், ஒரு டப்பா நல்ல க்ரீஸ்.

மிதிக்கும்போது சத்தம் வருகிறது

ஸ்டீல் குழாய் சத்தத்தை நன்றாகக் கடத்தும். சீட் போஸ்ட்டில் பிறக்கும் சத்தம், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில் கேட்கும். காதை நம்பி எந்த உதிரியையும் வாங்காதீர்கள். சத்தம் எப்போது வருகிறது என்று பாருங்கள்.

எழுந்து நின்று மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறதா? அப்படியானால் சீட், சீட்டின் கம்பிகளைப் பிடிக்கும் கவ்வி, சீட் போஸ்ட் ஆகிய மூன்றில் ஒன்று. கழற்றி, துணியால் தூசியைத் துடைத்து, கவ்வி உட்காரும் பரப்பில் மெல்லிய க்ரீஸ் பூசி மாட்டுங்கள். கோடையில் வரும் சத்தங்களில் நிறைய இதிலேயே முடிந்துவிடும்.

மிதிக்காமல் உருளும்போதும், ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் அழுத்தும்போதும் வருகிறதா? ஹெட்செட் (போர்க் திரும்பும் பேரிங்), ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) பக்கம் போங்கள். முன் பிரேக்கை இறுகப் பிடித்து, இன்னொரு கையின் விரலைக் கீழ்க் கப்பும் போர்க்கும் சேரும் இடத்தில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலில் ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. சரிசெய்யும் வரிசை முக்கியம்: முதலில் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட் இரண்டையும் தளர்த்துங்கள். பிறகு மேல்மூடி போல்ட்டை ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்குங்கள். ஹேண்டில்பார் தடங்கலில்லாமல் திரும்ப வேண்டும். கடைசியாகப் பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி 5 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். பக்க போல்ட்டைத் தளர்த்தாமல் மேல்மூடியை முறுக்கினால் ஆட்டம் போகாது. உள்ளே இருக்கும் ஸ்டார் நட்டுதான் மேலே இழுபட்டு வரும்.

பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சரியாக ஒரு தடவை சத்தம் என்றால் பெடல், கிராங்க், பாட்டம் பிராக்கெட். மூன்று, நான்கு சுற்றுக்கு ஒரு தடவை என்றால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கும்: 116 கண்ணிச் செயின் 32 பல் சக்கரத்தில் ஒரு முழுச் சுற்று முடிக்க ஏறக்குறைய மூன்றரைப் பெடல் சுற்று ஆகும். ஏற்றத்தில் மட்டும் வந்தால் கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) லாக்ரிங், பின் ஆக்ஸில், பின் கியர் மாற்றி (டீரெய்லர்) தொங்கும் ஹேங்கர் ஆகியவற்றைப் பாருங்கள்.

பெடலில் தொடங்குங்கள். இரண்டையும் கழற்றி மரையைத் துடைத்து க்ரீஸ் வைத்து 35 முதல் 40 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். இடது பெடலுக்கு எதிர்மரை. சத்தம் நிற்கவில்லை என்றால் பாட்டம் பிராக்கெட். பி.எஸ்.ஏ. மரை வகையில் செயின் பக்கக் கப்புக்கு எதிர்மரை என்பதால் அது கடிகார முள் திசையில்தான் கழலும். மறுபக்கம் வழக்கமான மரை. இதை மறந்து நீளக் குழாய் மாட்டிய ஸ்பேனரால் தப்பான திசையில் நெம்பி மரையைக் கடித்துவிட்டால், அந்த பிரேமைக் காப்பாற்ற மரை வெட்டும் கருவி உள்ளவரைத் தேட வேண்டியிருக்கும். கப்புகளைக் கழற்றியபின் மரையில் உள்ள மண்ணைப் பழைய பல்துலக்கியும் டீசலும் கொண்டு சுத்தமாக எடுத்து, காயவிட்டு, தாராளமாக க்ரீஸ் பூசி, 35 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்குங்கள். கப் உட்காரும் முகத்தில் பெயின்ட் தடித்து நின்றால் கப் நேராக உட்காராது. சத்தமும் நிற்காது, பேரிங்கும் சீக்கிரம் போகும். அந்தப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின்னும் சத்தம் இருந்தால்தான் வெல்டுகளைப் பார்க்கப் போக வேண்டும்.

சீட் போஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது

அளவு தவறாக இருக்கலாம். 27.2 மி.மீ. கேட்கும் குழாயில் 27.0 போஸ்ட் உள்ளே போகும், கவ்வியும் பிடிப்பதுபோல் இருக்கும், ஆனால் நிற்காது. போஸ்ட்டில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் வெர்னியரால் அளந்து பாருங்கள். அளவு சரி என்றால் போஸ்ட்டையும் குழாயின் உட்புறத்தையும் துடைத்து, மணல்போல் நறநறக்கும் பிடிப்புப் பசையைக் கவ்வி பிடிக்கும் பகுதியில் பூசுங்கள். கார்பன் போஸ்ட்டுக்காக விற்கும் அதே பசை அலுமினியத்துக்கும் வேலை செய்யும். கவ்வியின் வெட்டும் பிரேமின் வெட்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டாம். எதிரெதிராக வைத்தால் அழுத்தம் சமமாகப் பரவும்.

செய்யக் கூடாதது ஒன்று: இறங்குகிறதே என்று கவ்வியை மேலும் மேலும் முறுக்குவது. 5, 6 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் பிரேமின் வெட்டு முடியும் இடத்தில் விரிசல் தொடங்கும். போஸ்ட் போதுமான ஆழம் இறங்கியிருக்கிறதா என்பதும் அதே விரிசலோடு சம்பந்தப்பட்டது. குறைந்தது 100 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். அதோடு மேல்குழாய் சேரும் வெல்டைத் தாண்டி இன்னும் 25 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். இரண்டில் எது அதிகமோ அதுவே கணக்கு.

சீட் போஸ்ட் அசையவே மறுக்கிறது

ஸ்டீல் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட், நடுவில் மழைத் தண்ணீர். இரண்டு உலோகம், ஒரு மின்பகுளி: பேட்டரி வேலை செய்யும் அதே விதி. அலுமினியம் அரிக்கப்பட்டு அதன் ஆக்சைடு உப்பி இடைவெளியை அடைத்துவிடும். 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிமானம் அதன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்று. அதே ஊரில் க்ரீஸ் இல்லாமல் போஸ்ட்டை இறக்கி மூன்று மழைக்காலம் விட்டுவிடும் பழக்கம் மாற வேண்டும்.

எடுக்கும் முறை, பொறுமை குறையாத வரிசையில்:

கவ்வியைக் கழற்றி விடுங்கள். வெட்டின் வழியாகத் துருநீக்கும் எண்ணெயை விட்டு, வண்டியைத் தலைகீழாக்கிப் பாட்டம் பிராக்கெட் வழியாகவும் விடுங்கள். இரண்டு மூன்று நாள், காலை மாலை தொடருங்கள். அதன்பின் பழைய சீட் ஒன்றை மாட்டி, இழுக்காமல் திருப்பிப் பாருங்கள். ஒரு மயிரிழை திரும்பினாலும் போதும்; எண்ணெய் விட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தால் வந்துவிடும்.

திரும்பவில்லை என்றால் பட்டறைகளில் அடுத்து எடுப்பது கேஸ் விளக்கு. வெளிக்குழாயைச் சூடாக்கினால் அது விரிந்து விட்டுவிடும் என்பது எண்ணம். ஆனால் சூடு உள்ளே பரவிவிட்டால் அலுமினியம் ஸ்டீலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால் போஸ்ட் இன்னும் இறுகும். பெயின்ட்டும் போகும். இங்கே குளிர்ச்சிதான் உதவும்: போஸ்ட்டின் உள்ளே ஐஸ் துண்டுகளை நிரப்பிப் பத்து நிமிஷம் விட்டு உடனே திருப்புங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் போஸ்ட்டின் மேல்பகுதியை பெரிய வைஸில் கடிக்கவிட்டு, பிரேமை இரண்டு பேர் பிடித்துத் திருப்புங்கள். பிரேமின் முழு நீளமும் நெம்புகோலாகிவிடும். இதில் போஸ்ட் பாழாகும், பரவாயில்லை. மேல்குழாய், பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டே குழாய் எதையும் தனியாகப் பிடித்து நெம்ப வேண்டாம், இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்.

கடைசி வழி போஸ்ட்டை மேலே அறுத்துவிட்டு, உள்ளே ரம்ப பிளேடை விட்டு நீளவாக்கில் இரண்டு வெட்டு போட்டு, துண்டை உள்நோக்கி மடக்கி எடுப்பது. ஒரு மாலை முழுக்க ஆகும். ஸ்டீல் சுவரை வெட்டிவிடாமல் கையால் மட்டுமே அறுக்க வேண்டும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், ஸ்டீலை விட்டுவிடும் என்பது உண்மை. ஆனால் அது கொதித்துத் தெறிக்கும், ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், கண்ணைப் பறிக்கும். கண்ணாடி, கையுறை, திறந்தவெளி மூன்றும் இல்லாத இடத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

வராமல் தடுக்க: வருஷம் இரண்டு தடவை, சித்திரையில் ஒன்று, புரட்டாசி முடிவில் ஒன்று, போஸ்ட்டை எடுத்துத் துடைத்துப் புது க்ரீஸ் பூசுங்கள்.

பெயின்ட் கொப்பளிக்கிறது, பழுப்பு நீர் வடிகிறது

வெளித் துருவும் உள்துருவும் வேறு வேறு வியாதி. கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் பிடிக்கும் துரு பார்க்க அசிங்கமாக இருக்கும். பிரேமை அது சீக்கிரம் கொல்லாது. நல்ல உலோகம் தெரியும்வரை 240 எண் உப்புத்தாளால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவி, அது காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பெயின்ட். செயின் அடித்துப் பெயர்க்கும் வலது செயின் ஸ்டேயில் பழைய ட்யூபைச் சுற்றிவைத்தால் அந்த இடம் தப்பும். ஆனால் ட்யூபின் அடியில் ஈரம் நிற்கும், மழைக்குப்பின் அவிழ்த்துக் காயவிடுங்கள்.

பெயின்ட் உடையாமல் கொப்பளித்தாலோ, பாட்டம் பிராக்கெட் அடியிலிருந்து பழுப்பு நீர் வடிந்தாலோ உள்ளே பார்க்க வேண்டும். தண்ணீர் புகும் வழி சீட் போஸ்ட் வெட்டு, ஸ்டேக்களில் வெல்டிங் காற்றுப் போக விட்ட சிறு ஓட்டைகள், ஹெட் குழாய். மழைக்காலத்தில் கலுங்கில் வழியும் தண்ணீரில் வண்டியை இறக்கிக் கடந்தால் இந்த வழி எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் புகும். உள்ளே போன தண்ணீர் இறங்கி நிற்கும் இடம் பாட்டம் பிராக்கெட் பெட்டியும் செயின் ஸ்டேக்களின் முன்முனையும். நல்ல பிரேமில் அந்தப் பெட்டியின் அடியில் ஒரு வடிகால் ஓட்டை இருக்கும். சேறும் பெயின்ட்டும் அதை அடைத்திருக்கும்; ஒரு ஸ்போக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கலுங்கு கடந்த அன்று மாலை போஸ்ட்டை எடுத்துவிட்டு வண்டியைத் தலைகீழாக ஓர் இரவு வையுங்கள். திறந்த முற்றத்தில் வைக்காமல் சாரல் படாத பட்டாலையில் வைப்பது அதைவிட நல்லது. தொண்டிக் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது கட்டாயம். உப்பு துருவை வேகப்படுத்தும்.

உட்பூச்சு வேலையை ஒரு தடவை சரியாகச் செய்தால் பல வருஷம் கவலையில்லை. போர்க், ஹெட்செட், பாட்டம் பிராக்கெட், போஸ்ட் எல்லாவற்றையும் கழற்றி, குழாய்களை வெயிலில் ஒரு நாள் காயவைக்க வேண்டும். செட்டிநாட்டு மே மாத வெயில் இதற்கு நன்றாக உதவும். பிறகு கார் கதவுக்குள் அடிக்கும் குழிவு மெழுகு ஸ்ப்ரேயை நீளக் குழாய் மாட்டி ஒவ்வொரு குழாய்க்குள்ளும், ஸ்டே ஓட்டைகள் வழியாகவும் அடியுங்கள். அது கிடைக்காவிட்டால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். ஊற்றி, பிரேமை எல்லாப் பக்கமும் திருப்பி, மிச்சத்தை வடித்துவிட்டு, ஒரு வாரம் உலரவிடுங்கள். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் வேண்டாம். அவை அப்படி உலர்ந்து படலமாகாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், குவித்த துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு உலர்த்துங்கள்.

உள்துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க, சந்தேகமான இடத்தை விரல் நகத்தாலும் பிறகு ஸ்குரூ டிரைவர் பிடியாலும் தட்டுங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், மெலிந்த இடம் மொத்தென்று ஒலிக்கும். கூர்முனையால் மெல்லக் குத்தினால் உள்ளே போகிறது என்றால் அந்தக் குழாயை மாற்ற வேண்டும்.

பெயின்ட்டில் மயிரிழைக் கோடு

விரிசல் எங்கே வரும் என்பதில் ஸ்டீல் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறது. கீழ்க்குழாய் ஹெட் குழாயோடு சேரும் இடத்தின் அடிப்பக்கம், சீட் குழாய் வெட்டின் அடி, பாட்டம் பிராக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால் செயின் ஸ்டே, டிஸ்க் பிரேக் பொருந்தும் காதின் சுற்று, பின் அச்சு உட்காரும் டிராப்அவுட்டின் வெல்ட். மாதம் ஒரு தடவை வண்டியைக் கழுவும்போது இந்த ஐந்து இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கோட்டின் ஓரமாகச் சிவப்புத் துரு கசிந்திருந்தால் அது பெயின்ட் கீறல் இல்லை.

உறுதிசெய்ய பழைய வெல்டர்கள் பயன்படுத்தும் மண்ணெண்ணெய்ச் சோதனை போதும். கோட்டைச் சுற்றி மூன்று செ.மீ. பெயின்ட்டை எடுத்து, தின்னரால் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி இருபது நிமிஷம் விடுங்கள். மேலே ஈரமே இல்லாதபடி துடைத்துவிட்டு, வெள்ளைச் சாக்பீஸை அந்த இடம் முழுக்கத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் சில நிமிஷத்தில் சாக்பீஸ் மேல் கருத்த கோடாகக் கசியும். மூன்று டப்பாவாக வரும் சிவப்புச் சாய ஸ்ப்ரே கிடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஹெட் குழாய்ப் பக்கம் விரிசல் என்றால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள். ஸ்டீலில் விரிசல் பெரும்பாலும் மெதுவாக வளரும் என்பது வீடு திரும்பத் தரும் அவகாசம் மட்டுமே. முன்பக்கம் பிரிந்தால் முகம்தான் தரையில் முதலில் படும். சுவரில் நேராக மோதியபின் கீழ்க்குழாயின் அடியில், ஹெட் குழாய்க்குச் சற்றுப் பின்னால் விரலுக்கு ஒரு அலை தட்டுப்பட்டாலும் அதே முடிவுதான். அது வளைந்த பிரேம்; தட்டி எடுக்கக் கூடாது.

செயின் ஸ்டே, டிராப்அவுட், வெட்டு ஆகிய இடங்களை ஒட்ட முடியும், ஸ்டீலை வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. கேட்டும் கிரில்லும் ஒட்டும் குச்சி வெல்டிங் இந்தக் குழாய்க்கு ஆகாது. சுவர் நடுவில் அரை மில்லிமீட்டர், முனையில் 0.8 அல்லது 0.9 தான், ஓட்டை விழும், விழாவிட்டாலும் சுற்றியுள்ள உலோகம் நொறுங்கும் குணத்துக்குப் போய்விடும். டிக் வெல்டிங் கேளுங்கள். எவர்சில்வர் வேலை செய்யும் பட்டறைகளில் அந்த இயந்திரம் இருக்கும். இ.ஆர். 70 எஸ்-2 நிரப்புக்கம்பி, 1.6 மி.மீ. போதும். வெல்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: குழாய்க்குள் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது, முதலில் சுத்தம் செய்ய வேண்டும், விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டபின் ஒட்ட வேண்டும், ஒட்டியதும் தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாக ஆற வேண்டும். குரோம்மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) சூட்டில் தண்ணீர் பட்டால் கடினப்பட்டு ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி விரியும்.

கையை விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் சக்கரம் டிராப்அவுட்டில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டயர் ரிம்மில் சமமாக அமர்ந்திருக்கிறதா, ஹெட்செட் நடுவில் தடங்குகிறதா. சக்கரத்தைத் திருப்பி மாட்டிப் பாருங்கள்: இழுக்கும் பக்கம் மாறினால் குறை சக்கரத்தில், மாறாவிட்டால் பிரேமிலோ போர்க்கிலோ. பின் டிஸ்க் சக்கரத்தைத் திருப்ப முடியாது. அதற்குச் சக்கர நடுவளவி வேண்டும்.

நூல் சோதனை: பின் சக்கரத்தைக் கழற்றி, நூலை ஒரு டிராப்அவுட்டில் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து மறு டிராப்அவுட்டில் இறுக்கிக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் வெர்னியரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் என்றால் பிரச்சனை அங்கே இல்லை. அதற்கு மேல் என்றால் பின் முக்கோணம் ஒதுங்கியிருக்கிறது. 135 மி.மீ. க்விக் ரிலீஸ் டிராப்அவுட் கொண்ட ஸ்டீல் பிரேமைக் குளிர்ந்த நிலையிலேயே நெம்பி நேராக்கலாம், அதுவும் அளந்து அளந்து. த்ரூ ஆக்ஸில் பிரேமில் இரண்டு துளையும் ஒரே அச்சில் நிற்க வேண்டும் என்பதால் அது பிரேம் கட்டத் தெரிந்தவர் வேலை.

கியர் தாவுகிறது

ஹேங்கர் வளைந்திருக்கும். வண்டி வலப்பக்கம் விழுந்தபிறகு தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். கழற்றி மாட்டும் ஹேங்கர் என்றால் புதிதாக ஒன்று. பிரேமோடு சேர்ந்த ஸ்டீல் ஹேங்கர் என்றால் அளவுகோல் மாட்டி நேராக்கலாம். ஹேங்கர் நேர் என்றால் செயின். 8, 9, 10 கியருக்கு 0.75 சதவீதத் தேய்மானம் வந்ததும், 11, 12 கியருக்கு 0.5 வந்ததும் மாற்றுங்கள். தாமதித்தால் கேசட்டும் சேர்ந்து போகும்.

பின்பக்கம் துள்ளுகிறது, சரளையில் வழுக்குகிறது

ஸ்டீல் பிரேம் அதிர்வை வாங்கிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டு வாங்கியவர்கள் ஏமாறும் இடம் இது. பின் முக்கோணம் மேலும் கீழும் வளைவது மிகச் சிறிது. டயர் கொடுக்கும் மென்மை அதைவிடப் பல மடங்கு. எனவே பிரேமைக் குறை சொல்வதற்குமுன் காற்றழுத்தத்தைப் பாருங்கள். 70 கிலோ ஆள், 2.3 அல்லது 2.4 அங்குல டயர், டியூப்லெஸ் என்றால் முன்னால் 22 முதல் 24, பின்னால் 25 முதல் 27 பி.எஸ்.ஐ. டியூப் போட்டிருந்தால் இருபக்கமும் நாலைந்து கூட வையுங்கள், இல்லையென்றால் செம்புறைக்கல் விளிம்பில் டியூப் ரிம்மோடு நசுங்கி இரட்டைப் பஞ்சர் விழும்.

சீமைக்கருவேல முள் இருக்கும் ஊரில் டியூப்லெஸ் ஆடம்பரமில்லை. 29 அங்குல டயருக்கு முதலில் 100 முதல் 120 மி.லி. சீலன்ட். இந்த வெயிலில் அது சீக்கிரம் காயும், கோடையில் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வால்வைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்து 50 மி.லி. சேருங்கள். நடுவழியில் டயரில் முள்ளைப் பார்த்தால் காற்று இறங்காதவரை பிடுங்காதீர்கள்.

ஓட்டும் முறையும் சேர வேண்டும். கண்மாய்க் கரையில் மழையில் மாடு மிதித்து, பின் காய்ந்து இறுகிய குளம்புத் தடத்தில் உட்கார்ந்து மிதித்தால் எந்த ஹார்ட்டெயிலும் முதுகைக் குலுக்கும். ஒரு கியர் கனமாக வைத்து, சீட்டிலிருந்து இரண்டு விரல் உயரம் எழுந்து, முழங்காலைத் தளர்த்தி, குதிகாலைத் தாழ்த்துங்கள். பின் சக்கரம் உங்களுக்குக் கீழே தனியாக ஆடட்டும். சரளைத் திருப்பத்தில் பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்குகிறது, மெதுவாகப் போகும்போது அலைகிறது

நீளமான போர்க் மாட்டினீர்களா? 20 மி.மீ. நீளம் கூடினால் ஹெட் கோணமும் சீட் கோணமும் ஏறக்குறைய ஒரு டிகிரி படுக்கும், பாட்டம் பிராக்கெட் 7, 8 மி.மீ. உயரும், ரீச், அதாவது பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹெட் குழாயின் மேல்முனை வரை உள்ள கிடைமட்டத் தூரம், ஒரு சென்டிமீட்டர் குறையும். உங்கள் எடை பின்சக்கரத்தின் மேல் போய்விட்டது என்று பொருள். 120 மி.மீ. போர்க்குக்கு வடிவமைத்த பிரேமில் 150 மாட்டினால் ஹெட் குழாய் வெல்டுக்கும் கூடுதல் சுமை. கம்பெனி சொன்ன அளவுக்குத் திரும்புங்கள்.

போர்க் சரி என்றால் சாக், அதாவது ஆள் ஏறியதும் போர்க் அமுங்கும் அளவை, அளந்து பாருங்கள். நின்ற நிலையில் போர்க்கின் பயணத்தில் 15 முதல் 20 சதவீதம் அமுங்க வேண்டும். அதன்பின் சீட்டைக் கம்பிகளில் ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பிரேமின் அளவே உங்களுக்குச் சேரவில்லை.

பிரேமை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

முதலில் உலோகம். ஹை-டென் என்று ஒட்டியிருந்தால் தடித்த சுவர், கூடுதல் எடை. ஊருக்குள் ஓட்டப் போதும். தடத்துக்கு 4130 குரோம்மாலி, அதுவும் முனை தடித்து நடு மெலிந்த பட்டட் குழாய். எல்லா ஸ்டீலுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. விலை கூடிய குழாயில் கூடுவது வலிமை. அதனால்தான் சுவரை மெலிதாக்க முடிகிறது. முழு பிரேம் 2.2 முதல் 2.8 கிலோ இருந்தால் நியாயமான எடை. பள்ளத்தூர் முருகப்பச் செட்டியார் குடும்பத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. புகழ்பெற்ற 531 குழாயை 1935-இல் கொண்டுவந்த ரெனால்ட்ஸும் அந்தக் குழுமத்தில்தான் இருந்தது. சைக்கிள் குழாயோடு இந்த மண்ணுக்கு உள்ள உறவு புதிதில்லை.

அடுத்து, உதிரி கிடைக்குமா என்பது. பி.எஸ்.ஏ. மரைப் பாட்டம் பிராக்கெட் எங்கும் கிடைக்கும். அழுத்திப் பொருத்தும் வகை வேண்டாம். 44 மி.மீ. ஹெட் குழாய் இருந்தால், போர்க்கின் மேல்தண்டான ஸ்டியரர் நேரானதும் மாட்டலாம், கூம்பானதும் மாட்டலாம். சீட் குழாய் 30.9 அல்லது 31.6 என்றால் ஓட்டும்போதே உயரத்தை மாற்றும் டிராப்பர் போஸ்ட் சேரும். பின்னால் 148 மி.மீ. த்ரூ ஆக்ஸில், கழற்றி மாட்டும் ஹேங்கர். 2.4 டயர் போட்டபின் இருபுறமும் 6 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலச் செம்மண் ஒட்டிப் பெயின்ட்டையும் பிறகு உலோகத்தையும் தேய்க்கும்.

அளவுக்கு எஸ், எம், எல் எழுத்தைப் பார்க்காமல் ரீச்சைப் பாருங்கள். 165 முதல் 172 செ.மீ. உயர ஆளுக்கு 425 முதல் 450 மி.மீ. ஹெட் கோணம் 66, 67 இந்தத் தடத்துக்கு அளவானது. 64 என்பது நீண்ட இறக்கத்துக்கானது, கண்மாய்க் கரையில் சோம்பலாக இருக்கும். ஹார்ட்டெயிலில் ஆள் ஏறியதும் முன்பக்கம் மட்டும் அமுங்குவதால் அட்டையில் போட்ட கோணம் ஓட்டும்போது ஒரு டிகிரி நிமிர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பழைய பிரேம் வாங்கினால் விற்பவர் முன்னிலையிலேயே சீட் போஸ்ட்டை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் விலை பேச வேண்டாம். வந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: லேசான பழுப்பு சரி, செதில் செதிலாக உதிர்ந்தால் சரியில்லை. ஐந்து வெல்ட் இடங்களையும் தடவி, கீழ்க்குழாயின் அடியில் அலை இருக்கிறதா என்று பார்த்து, நூலைக் கட்டி அளந்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.